ஜிரோவுக்குக் கிரைண்டர் கொண்டு போகலாமா?

கேள்வி: பதினான்கு வருடமாக டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். கணவருக்கு அருணாசலப் பிரதேசத்தில் ஜிரோவுக்கு மூன்று ஆண்டு மாற்றல், ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். பெண் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் எட்டாவது. மாமியாருக்கு 73 வயது, சர்க்கரை, தினமும் இன்சுலின். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். குடும்பத்தோடு போவதா, அவர் மட்டும் போவதா? போனால் எப்படித் தயாராவது? மாமியாரை விட்டுவிட்டுப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கடைசியாக ஒன்று, கிரைண்டர் எடுத்துப் போகலாமா?

பெயர் வேண்டாம், மயூர் விஹார்

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம், மேலே இருப்பது நான் சுருக்கியது. அதில் ஒன்றரைப் பக்கம் சாமான் பட்டியல். மாமியார் பதினோரு இடத்தில் வருகிறார், எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவருக்குப் போக இஷ்டமா இல்லையா என்று ஒரு வரி கூட இல்லை. முதல் வேலையாக இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவரிடம் கேளுங்கள், கணவரை வைத்துக்கொண்டு கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

நான் 26 வருடம் மனிதவளப் பிரிவில் இருந்தவள். திட்டப் பணிகளுக்காக ஆட்களை மலைக்கும் பாலைவனத்துக்கும் அனுப்பி, அவர்கள் குடும்பம் அங்கே ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நடுவில் மூன்று வருடம், 2009இல் இருந்து 2012 வரை, கணவருக்கு ஜிரோவில் வேலை என்று சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போய் இருந்தேன். அப்போது அந்தப் பக்கம் ரயிலும் கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி விமான நிலையமும் கிடையாது. தலைநகர் இட்டாநகருக்குப் பக்கத்தில் இருக்கிற நஹர்லகுனுக்கு 2014இல் ரயில் வந்துவிட்டது, 2022 நவம்பரில் ஹொலோங்கியில் டோனி போலோ விமான நிலையமும் திறந்தாகிவிட்டது. ஆனந்த் விஹாரில் ஏறினால், உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்தான், இரண்டு இரவில் நஹர்லகுன். அதுவரை சௌகரியம். அதற்கப்புறம்தான் விஷயமே.

நஹர்லகுனில் இருந்து ஜிரோ நூறு கிலோமீட்டர் சொச்சம். நல்ல நாளில் சுமோவில் நான்கு மணி நேரம், மழை நாளில் அது ஆறாகலாம், மண் சரிந்தால் நாளைக்கு என்றும் ஆகலாம். வழியில் வருகிற ஹோஜ், போதின் பக்கத்து ரோட்டைப் பற்றி அங்கே யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு கதை சொல்வார்கள். அந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம், எந்த மாதம் என்று கேளுங்கள். மாநிலப் பரப்பு 83,743 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 2011 கணக்கெடுப்பில் மொத்த ஜனம் 13.8 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். டெல்லியில் அதே அளவு இடத்தில் 11,000 பேருக்கு மேல் இருக்கிறோம்.

இந்தப் பதினேழு என்ற எண்ணைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் சாமான் பட்டியல் போட ஆரம்பிக்கிறார்கள், அங்கே எதுவும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு. ஜிரோவில் ஹாபோலி கடைத்தெருவில் வீட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைக்கும். குறைவது ஆள். ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரர் இருப்பார், அவர் தங்கை கல்யாணத்துக்கு அஸ்ஸாம் போனால் திரும்பி வரும்வரை ஊருக்கே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கிடையாது. நான் போன இரண்டாவது மாதம் குக்கர் கேஸ்கெட் அறுந்தது. என் குக்கர் அளவுக்கு ஹாபோலியில் இல்லை. நாற்பது நாள் பானையில் வடித்துத் தின்றோம். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னார், சுமோ கவுண்டரில் டிரைவரிடம் பழைய கேஸ்கெட்டையும் பணத்தையும் கொடு என்று. மறுநாள் சாயங்காலம் நஹர்லகுனில் இருந்து சரியான அளவில் வந்தது. நாற்பது நாளும் அந்த டிரைவர் என் வாசல் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தார், பேச்சுக் கொடுக்காதது என் தப்பு. டெல்லியில் பதினான்கு வருடம் எதிர் ஃபிளாட்காரர் பெயர் தெரியாமல் காலம் தள்ளலாம். அங்கே முதல் வாரமே சுமோ டிரைவர், மருந்துக்கடைக்காரர், கரண்ட் ஆபீஸ் லைன்மேன், வீட்டுக்காரர் குடும்பம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கத்துக்கு வந்துவிட வேண்டும். ஆட்கள் குறைந்த இடத்துக்கு இதுதான் முதல் தயாரிப்பு, இதற்கு டெம்போ வாடகை கிடையாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் அங்கே எதுவும் செய்ய முடியாது. நீங்கள் என்ன வாங்கினீர்கள், கணவருக்கும் உங்களுக்கும் சண்டையா, பெண் யாரோடு நடந்து போனாள், எல்லாம் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் ஜுரத்தில் சுருண்டு படுத்துவிட்டேன், கணவர் சைட்டில் இருந்தார். ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் லைட் எரியவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார், கையில் சூடாகக் கஞ்சி. அதற்குப் பிறகு எரிச்சல் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

சரி, மாமியார். இதைத்தான் நீட்டிப் பேச வேண்டும்.

இன்சுலின் போடுகிற 73 வயதுக்காரரை முதல் வருடம் அழைத்துப் போகாதீர்கள். குளிர் ஒரு காரணம், ஜிரோ ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, டிசம்பர் ஜனவரியில் காலையில் புல்லில் உறைபனி நிற்கும். ஆனால் டெல்லிக் குளிரில் இத்தனை வருடம் இருந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் ராத்திரி இரண்டு மணி. மாவட்ட மருத்துவமனை ஜிரோவிலேயே இருக்கிறது, காய்ச்சலுக்கும் சின்ன உபாதைக்கும் போதும். மாரடைப்பு, பக்கவாதம் என்று வந்தால் கீழே இறக்க வேண்டும். மாநிலத்தின் முதல் மருத்துவக் கல்லூரி நஹர்லகுனில் இருக்கிறது, பக்கத்தில் இட்டாநகரில் ராமகிருஷ்ணா மிஷன் மருத்துவமனை, அதற்கும் மேலே என்றால் திப்ருகர் அல்லது குவாஹாட்டி. மயூர் விஹாரில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் என்று பழகிய மனதுக்கு இந்தக் கணக்கு ஏறாது. மாநில அரசின் ஹெலிகாப்டர் சேவை உண்டு, வானம் மூடினால் அதுவும் பறக்காது, மழைக்காலத்தில் வானம் மூடித்தான் இருக்கும்.

எனவே முதல் வருடம் அவர் டெல்லியில் உறவினரோடோ ஊரில் மைத்துனர் வீட்டிலோ இருக்கட்டும். மழை விட்ட பிறகு, அக்டோபர் பாதியில் இருந்து நவம்பர் கடைசி வரை, ஆறு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும். பிடித்திருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், டாக்டர் சரி என்றால், அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம். வரும்போது இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்தில் போட்டு அனுப்புகிற பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகும் அபாயம் உண்டு. மூன்று மாத மருந்து எப்போதும் கையிருப்பு. குளுகோமீட்டர் ஸ்டிரிப்பும் அதே கணக்கு, எல்லோரும் மருந்தை நினைவு வைத்துக்கொண்டு ஸ்டிரிப்பை மறப்பார்கள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த மாநிலத்தில் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை எவை என்று பட்டியல் கேட்டு வாங்குங்கள். அது சின்னப் பட்டியலாக இருக்கும், ஆகவே முதலில் கையை விட்டுக் கட்டுவதற்கு ஒரு தொகை தனியாகக் கிடக்க வேண்டும்.

நாலு பேர் சொல்வதைப் பற்றி. ராத்திரி இரண்டு மணிக்கு ஹோஜ் ரோட்டில் மண் சரிந்து சுமோ நிற்கும்போது அந்த நாலு பேரில் ஒருத்தரும் வந்து மண் அள்ளப் போவதில்லை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது பெண். பொதுவாக சிபிஎஸ்இ பாடத்திட்டம்தான் அங்கேயும், அந்த வரையில் தப்பித்தீர்கள். ஆனால் தமிழைப் பாடமாக எடுத்துப் படிக்கிற குழந்தை, அங்கே அது கிடைக்காது. ஒன்பதாவதில் மொழிப் பாடம் மாறினால் அதுதான் பத்தாவது பரீட்சை வரை. ஒன்பதாம் வகுப்பில்தான் போர்டு பதிவு நடக்கும், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பள்ளி மாற்றுவது அனுமதி, காரணம், கடிதம் என்று இழுக்கும். ஆகவே போவதென்றால் ஒன்பதாவது தொடக்கத்திலேயே போய்விட வேண்டும், இல்லையென்றால் பத்தாவது முடியும்வரை டெல்லியை விட்டு நகரக் கூடாது. இடையில் போவது வேண்டாம். நீங்கள் கவனிக்காத இன்னொன்று: மூன்று ஆண்டு மாற்றல் என்றால் அது முடியும்போது அவள் பதினொன்றாவது முடித்திருப்பாள், பன்னிரண்டாவதுக்கு இடம் தேடி அலைவீர்கள். என் யோசனை, பெண்ணும் நீங்களும் ஒன்பது, பத்து இரண்டு வருடம் மட்டும் அங்கே இருங்கள், பதினொன்றாவதுக்கு டெல்லி திரும்புங்கள், கணவர் கடைசி வருடத்தைத் தனியாக முடிக்கட்டும். இதை இப்போதே மூன்று பேரும் பேசி முடித்துவிட்டால் அப்புறம் மனஸ்தாபம் வராது. ஜிரோவில் எந்தப் பள்ளி, இடம் இருக்கிறதா, அவர்கள் பள்ளி வருடம் எந்த மாதம் தொடங்குகிறது என்பதைக் கணவரின் அலுவலக ஆட்களை விட்டு பிப்ரவரிக்குள் நேரில் கேட்கச் சொல்லுங்கள். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள்.

உங்கள் வேலையை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். தள்ளாதீர்கள். அந்த ஊரில் பெண்கள் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் சாயங்காலம்தான். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் சூரியன் அங்கே நம்மை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் நாலரைக்குள் அஸ்தமித்துவிடும். ஐந்து மணிக்குக் கும்மிருட்டு, சீக்கிரமே கடை மூடிவிடுவார்கள், டிவி, கரண்ட் போனால் அதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை நகராது. கணக்கு டீச்சர் என்று ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைகள் தானாக வருவார்கள், பள்ளிக்கூடமே கூப்பிடலாம். போவதற்கு முன்பே அந்த யோசனையோடு போங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். விவேகானந்த கேந்திரம் 1977இல் இருந்து அந்த மாநிலத்தில் பள்ளி நடத்துகிறது, கன்னியாகுமரியில் இருந்து கிளம்பிய அமைப்பு, நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு அந்த மலை புதிது கிடையாது.

கணவர் ஏப்ரலில் தனியாகப் போகட்டும். நீங்களும் பெண்ணும் உடனே லாரி ஏற்றாதீர்கள். அவர் வீடு பிடிக்கட்டும், ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், டெல்லியில் பள்ளிக் கோடை விடுமுறை விட்டதும் இரண்டு பெட்டியோடு நீங்கள் போய்ப் பாருங்கள். நிறைய பேர் அக்டோபரில் போய்ப் பார்ப்பார்கள், வானம் நீலம், நெல் அறுவடை, பள்ளத்தாக்கு முழுக்கத் தங்கம். அது அலங்காரம் பண்ணி உட்கார வைத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி. ஜூன் மழையில் துணி மூன்று நாள் காயாமல், நெட் இல்லாமல், குழாயில் கலங்கல் தண்ணீர் வரும்போது பாருங்கள். அதற்கும் சரி என்று தோன்றினால் ஜூலைக்குள் பெண்ணைச் சேர்த்துவிடலாம். இல்லை என்றால் திரும்பி வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவள் டெல்லி இடத்தை அதுவரை விடாமல் வைத்திருங்கள்.

வீடு பார்க்கும்போது கணவர் கூரை ஒழுகுகிறதா, பின்னால் மலைச் சரிவு எவ்வளவு பக்கம் என்று பார்க்கட்டும். நிலநடுக்கத்துக்கும் பேர்போன இடம், அபாயம் மிக அதிகமான மண்டலம். முக்கியமாகப் பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்கட்டும். வீடு வாடகைதான், மாநிலப் பழங்குடியினர் அல்லாதவர் அங்கே நிலம் வாங்க முடியாது. உங்களை 'நான்-ஏபிஎஸ்டி' என்பார்கள், டெல்லியில் நம்மை 'மதராசி' என்பதை விட மரியாதையான வார்த்தைதான், கோபப்படாதீர்கள். உள்ளூர்ப் பழங்குடியினருக்கு அங்கே சம்பாதிப்பதற்கு வருமான வரி விலக்கு உண்டு, உங்கள் கணவருக்குக் கிடையாது, சக ஊழியரின் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்து புலம்புவார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாநிலத்துக்குள் நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும், ஐஎல்பி என்பார்கள், 1873ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது. ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கு ஒன்று. வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வகை, பார்க்க வருகிற மாமியாருக்கு வேறு வகை. ஆன்லைனில் எடுக்கலாம், டெல்லி அருணாசல் பவனிலும் கேட்கலாம். நாலைந்து பிரதி எடுத்து ஒவ்வொரு பையிலும் ஒன்று வையுங்கள், நனைந்துபோகும்.

பேச்சுக்குப் பயமில்லை. ஜிரோவில் அபதானி மக்கள், அவர்கள் மொழி வேறு, ஆனால் மாநிலம் முழுக்கப் பொதுமொழி இந்தி. டெல்லியில் காய்கறிக்காரரிடம் கற்ற இந்தி அப்படியே செல்லுபடியாகும். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமாயூன்பூர் போய் வடகிழக்குச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் சாப்பிட்டு வாருங்கள். மூங்கில் குருத்து வாசனை மூக்குக்குப் பழகட்டும், பெண் அங்கே போய் யார் வீட்டிலாவது முகம் சுளித்துவிடக் கூடாது. விருந்தாளிக்கு அரிசிக் கள் கொடுப்பார்கள், அபோங் என்று பெயர். குடிக்காதவர்கள் இரண்டு கையாலும் வாங்கி உதட்டருகே கொண்டுபோய்விட்டு, வழக்கமில்லை என்று சிரித்துச் சொன்னால் போதும். நான் முதல் தடவை கையை ஆட்டி வேண்டாம் என்றேன், அந்த வீட்டுப் பாட்டி முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

சாமான். லாரிக்காரர் ஜிரோ வீட்டு வாசல் வரையா, அஸ்ஸாமில் லக்கிம்பூர் வரையா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களை அழைத்துப் போன நிறுவனம் வாயால் வீடு வரை என்று சொல்லிவிட்டு லக்கிம்பூரில் இறக்கிவிட்டது, அங்கிருந்து மூன்று சின்ன வண்டி, மழையில், நாங்களே பேசி ஏற்றினோம், பீரோ வந்து சேர்ந்தபோது பீரோ மாதிரி இல்லை. கட்டில், சோபா, டைனிங் டேபிள் எதுவும் வேண்டாம், மூங்கிலிலும் மரத்திலும் அங்கேயே செய்வார்கள். டெல்லி ரஜாய் (கனத்த பஞ்சுப் போர்வை), ஹீட்டர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், நல்ல ரெயின்கோட், கம்பூட்ஸ் கட்டாயம். காஸ் இணைப்புக்கு டெல்லியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டெல்லியிலேயே யாரிடமாவது விட்டுவிடுங்கள், ஈரத்தில் பூசணம் பூக்கும், என் டிகிரி சர்டிபிகேட்டில் இன்றைக்கும் பச்சையாக ஒரு வட்டம் இருக்கிறது. அரிசி கவலை வேண்டாம், அபதானி வயலில் நெல்லோடு மீனும் வளர்ப்பார்கள், அரிசி அருமையாக இருக்கும். புழுங்கல் அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய், பெருங்காயம் ஐஎன்ஏ மார்க்கெட்டில் வாங்கி ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையை நிழலில் காய வைத்து டப்பாவில் போடுங்கள். குக்கர் கேஸ்கெட் மூன்று.

கிரைண்டர் எடுத்துப் போங்கள். சின்ன டேபிள் டாப் போதும், லாரியில் போடாமல் ரயிலில் சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுபோங்கள், கல்லைத் தனியாகத் துணியில் சுற்றி. குளிர்காலத்தில் மாவு அங்கே இரண்டு நாள் ஆனாலும் பொங்காது, பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வையுங்கள். அதிலும் பொங்காவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அபதானி வீட்டில் நடுவில் அடுப்புத் தீ இருந்துகொண்டே இருக்கும், அதன் ஓரமாக ஒரு ராத்திரி வைத்துக்கொள்ள யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மறுநாள் அவர்களுக்கு நாலு இட்லி அனுப்ப வேண்டியிருக்கும், அளவை அதற்குத் தகுந்த மாதிரி போடுங்கள்.